வருவாய் எங்கிருந்து வருகிறது? – இணையவழித் தொழில் வாய்ப்புகளில் மோசடியை இனங்காணல்

(ஜாதவ்பூரில் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரை)

தென் கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ‘சுலேகா’ என்பது ஒரு சாலைச் சந்திப்பின் பெயர். 1934ஆம் ஆண்டில் ராஜ்ஷாஹியில் சுதேசி உணர்வோடு தொடங்கப்பெற்று, பின்னர் இங்கு வேரூன்றிய சுலேகா மைத் தொழிற்சாலையே அப்பெயருக்குக் காரணம். அத்தொழிலின் வருவாய் எங்கிருந்து வந்தது என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. மாணவர் ஒரு புட்டி மை வாங்கினார். எழுதித் தீர்ந்ததும் மறுபடி வாங்கினார். மேலும் பத்துப் பேரைச் சேர்த்துவிட வேண்டும் என்ற நிபந்தனை அவருக்கு விதிக்கப்படவில்லை. 1980களின் இறுதியில் உற்பத்தி நின்றது. பின்னர் ஆலை மீண்டும் இயங்கலாயிற்று. இடையில் நேர்ந்தது தொழில் நலிவே அன்றி, மை வாங்கியவருக்கு இழைக்கப்பட்ட வஞ்சனை அன்று. தொழிலையும் மோசடியையும் பிரித்தறிய உதவும் அளவுகோல் இதிலேயே அடங்கியுள்ளது.

இன்று தொழில் வாய்ப்புகள் கைப்பேசித் திரையில் வந்து நிற்கின்றன. வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை, முகவர் உரிமை, அந்நியச் செலாவணி வணிகம் எனப் பெயர்கள் பல. இவற்றுள் உண்மையானவையும் உண்டு. எனவே இணையத்தில் வருவது அனைத்தையும் ஒதுக்கிவிடுதல் தீர்வாகாது. ஒவ்வொன்றையும் நோக்கி எழுப்ப வேண்டிய முதற்கேள்வி ஒன்றே: இதில் சேர்ந்தவர்களுக்குத் தரப்படும் பணம், சேராத ஒருவர் ஒரு பொருளையோ சேவையையோ விரும்பி வாங்குவதால் வருகிறதா? அல்லது அடுத்துச் சேருபவர் கட்டும் தொகையிலிருந்து வருகிறதா?

கணக்கு காட்டும் உண்மை

சிங்கப்பூரில் பதிவு பெற்ற ‘ஸ்பீக் ஏஷியா’ என்னும் நிறுவனம் 2010, 2011ஆம் ஆண்டுகளில் இந்தியாவெங்கும் உறுப்பினர்களைச் சேர்த்தது. 11,000 ரூபாய் கட்டியவருக்கு வாரந்தோறும் இரண்டு இணையவழிக் கருத்துக் கணிப்புகள். ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய் ஊதியம். அதாவது ஆண்டுக்கு 52,000 ரூபாய். பெரிய நிறுவனங்கள் தம் பொருள்களைப் பற்றிய கருத்தறிய இப்பணத்தைத் தருவதாகச் சொல்லப்பட்டது. 2011 மே மாதத்தில் செய்தியாளர்கள் விசாரித்தபோது, அவ்வாறு குறிப்பிடப்பட்ட நிறுவனங்கள் சில தமக்கு அத்தகைய தொடர்பே இல்லை என மறுத்தன. வெளியிலிருந்து வாங்குவோர் இல்லை என்றால், ஒருவருக்கு 52,000 ரூபாய் தருவதற்கு ஏறத்தாழ ஐந்து புதியவர்களின் கட்டணம் முழுவதும் தேவை.

ஆயிரம் பேருடன் தொடங்கும் ஒரு திட்டம், ஒவ்வொருவருக்கும் ஐந்து பேர் வீதம் வளர்வதாகக் கொள்வோம். நான்காம் படியில் 6.25 லட்சம் பேரும், ஆறாம் படியில் 1.56 கோடிப் பேரும், எட்டாம் படியில் 39 கோடிப் பேரும் தேவைப்படுவர். ஒன்பதாம் படியில் 195 கோடிப் பேர் வேண்டும். இந்திய நாட்டின் மக்கள்தொகையே அதற்குப் போதாது. இத்தகைய திட்டம் சரிவது நிர்வாகத் திறமைக் குறைவால் அன்று. அதன் அமைப்பே சரிவை உள்ளடக்கியது. கடைசிப் படியில் இருப்போரே எண்ணிக்கையில் மிகுதி, இழப்பும் அவர்களுடையதே.

சட்டத்தின் பார்வை

பரிசுச் சீட்டுகள் மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம் 1978இல் இயற்றப்பட்டது. அத்தகைய திட்டத்தை நடத்துவது மட்டுமன்றி, அதில் உறுப்பினராகச் சேர்வதையும் அச்சட்டம் தடை செய்கிறது. நண்பர்களைச் சேர்த்துவிடும் மாணவர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

இச்சட்டத்தின் வரம்பு கொல்கத்தா வழக்கொன்றிலேயே வெளிப்பட்டது. 48 சதவீதம் வரை வட்டி தருவதாக வாக்களித்துப் பணம் திரட்டிய சஞ்சயிதா இன்வெஸ்ட்மெண்ட்ஸ் மீது 1980இல் நடவடிக்கை தொடங்கியது. ஆனால் விரைவில் எளிதாகப் பணம் ஈட்டித் தரும் திட்டம் என்பதுடன், அந்த வருவாய் உறுப்பினர் சேர்க்கையைச் சார்ந்தது என்பதும் காட்டப்பட வேண்டும் எனக் கூறி, 1982இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கின் முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. மிகையான வட்டி மட்டுமே அச்சட்டத்தின்படி குற்றமாகவில்லை. அந்த இடைவெளி அடைபடப் பல்லாண்டுகள் ஆயின. 2019இல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், உரிய ஒழுங்குமுறைக்கு உட்படாமல் வைப்புத்தொகை பெறுவதையும், அதற்கு விளம்பரம் செய்வதையும் நேரடியாகத் தடை செய்தது. நேரடி விற்பனை நிறுவனங்கள் பிரமிடு முறையில் இயங்குவதை 2021ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன.

இடைப்பட்ட காலத்தில் மேற்கு வங்காளம் கொடுத்த விலை பெரிது. 2013 ஏப்ரலில் சாரதா குழுமம் சரிந்தபின், விசாரணை ஆணையத்தின் முன் 17 லட்சத்திற்கும் மேற்பட்ட கோரிக்கைகள் குவிந்தன. மாநில அரசு 500 கோடி ரூபாய் நிவாரண நிதியை அறிவிக்க நேர்ந்தது. மோசடியில் சேராதவரும் வரி செலுத்துவோர் என்ற முறையில் அதன் சுமையைத் தாங்க வேண்டியிருந்தது.

புதிய வேடம்

பணி முடித்தால் பணம் என்னும் மோசடி இன்று பரவலாக உள்ளது. 2023 டிசம்பரில் இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. ஓய்வு பெற்றோர், பெண்கள், வேலை தேடும் இளைஞர் ஆகியோரே இவற்றின் இலக்கு என அப்போது தெரிவிக்கப்பட்டது. விளம்பரத்தைக் கண்டு தொடர்பு கொள்பவரிடம் வாட்ஸ்அப், டெலிகிராம் வழியே முகவர் ஒருவர் பேசுகிறார். காணொளிக்கு விருப்பம் தெரிவித்தல், ஓட்டல்களுக்கு மதிப்பெண் இடுதல் போன்ற சிறு பணிகள் தரப்படுகின்றன. தொடக்கத்தில் சில நூறு ரூபாய் உண்மையாகவே வந்து சேர்கிறது. இந்தத் தொகை ஊதியம் அன்று, தூண்டில் புழு. நம்பிக்கை பிறந்ததும் பெருந்தொகை கட்டச் சொல்கிறார்கள். கட்டியபின் கணக்கு முடக்கப்படுகிறது.

இதில் இரண்டு அடையாளங்கள் தெளிவானவை. வேலை தருபவர் ஊதியம் கொடுப்பதே உலக வழக்கு. வேலை பெறுபவரே பணம் கட்ட வேண்டுமெனில் அது வேலை அன்று. நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கை விடுத்து, நாளொரு தனிநபர் கணக்கிற்குப் பணம் அனுப்பச் சொன்னால், அக்கணக்குகள் திருட்டுப் பணத்தைக் கைமாற்றுவதற்கென வாடகைக்குப் பெற்றவையாக இருக்கக்கூடும். சிறு தொகைக்காகத் தம் வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்த விடும் மாணவர், பாதிக்கப்பட்டவராக அன்றி விசாரணைக்குரியவராகவே காவல்துறை முன் நிற்க நேரும்.

பதிவுச் சான்றிதழும் ஏமாற்றக் கூடியது. கம்பெனிகள் பதிவாளரிடம் பதிவு பெற்றிருத்தல் என்பது, ஒரு நிறுவனம் சட்டப்படி பிறந்துள்ளது என்பதற்கே சான்று. பொதுமக்களிடம் பணம் திரட்டும் அனுமதி அன்று. அந்த அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்திலும் செபியின் பதிவேட்டிலும் பார்த்தறியலாம்.

அலுவலர் கடமை

பணம் பறிபோனவர் வெட்கத்தால் நாட்களைக் கடத்துகிறார். அதற்குள் தொகை பல கணக்குகளைக் கடந்துவிடுகிறது. 1930 என்னும் எண்ணில் உடனே புகார் செய்தால், எஞ்சிய தொகையையேனும் இடைவழியில் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. ஆகவே, முறையிட வருபவரை “பேராசையால் வந்த வினை” என்று இகழ்வது குற்றவாளிக்குச் செய்யும் உதவியாகவே முடியும். கல்லூரிகளிலும் வட்டார அலுவலகங்களிலும் இந்த எண்ணை எழுதி வைத்தல் செலவில்லாத பணி. நாட்டின் சிறு சேமிப்பு உண்மையான தொழில்களைச் சென்றடைய வேண்டுமாயின், வருவாயின் ஊற்று எது என்று கேட்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வேரூன்ற வேண்டும்.