ருஷ்ய இலக்கியமும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும்



கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணாம் வரையுள்ள தோட்டப்புறங்களிலிருந்து நீங்கள் வந்துள்ளீர்கள். ருஷ்ய இலக்கியத்தைத் தமிழுக்குக் கொணர்ந்த அறிஞர்களைப் பற்றிப் பேச இசைந்துள்ளோம். ருஷ்யா எங்கே, ஈஜோக் எங்கே என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். உரையின் இறுதியில் அதற்கு விடை கூறுவோம்.

முதலில் ஒரு பெயரைக் காண்போம். 'டால்ஸ்டாய்' என்றே நம்மில் பலர் எழுதுகிறோம். அது ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியது. மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்களிலோ 'லேவ் தல்ஸ்தோய்' என்றிருக்கும். ருஷ்ய மொழியில் அழுத்தம் பெறாத ஒகரம் அகரம்போல ஒலிக்கும். அம்மொழியின் தகர ஒலியும் நம் தகரத்தைப் போலப் பல்லில் நாப்பட ஒலிப்பது. ஆகவே அப்பெயர் 'தல்ஸ்தோய்' ஆயிற்று. செகாவ் 'சேகவ்' ஆனதும் அம்மொழியின் ஒலியைக் கேட்டதனாலேயே. மாணவர்களே, கண்ணால் கண்ட பெயருக்கும் காதால் கேட்ட பெயருக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே உணரலாம்.

அவ்வாறு மாஸ்கோவில் வாழ்ந்து, அங்குள்ள முன்னேற்றப் பதிப்பகத்தில் பணிபுரிந்தவர் ரா. கிருஷ்ணையா. தல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு', தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' ஆகியவற்றைத் தமிழுக்குத் தந்தவர் அவரே. லேர்மன்தவின் 'நம் காலத்து நாயகன்', பரீஸ் பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை' ஆகியவை பூ. சோமசுந்தரத்தின் கைவண்ணம். பின்னது, போரில் இரு பாதங்களையும் இழந்த விமானி ஒருவன் மீண்டும் வானூர்தி செலுத்திய வரலாற்றைக் கூறுவது. இவர்களுக்கு முன்பே, 'தினமணி'யின் முதல் ஆசிரியரான டி. எஸ். சொக்கலிங்கம், தல்ஸ்தோயின் பெருநாவலை ஆங்கில வழியாகப் 'போரும் வாழ்வும்' எனத் தமிழாக்கினார். ஆங்கிலத்தின் வழி வந்ததென்று அவ்வுழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று.

இனி, ஒரு தலைப்பு. 1899இல் வெளிவந்த தல்ஸ்தோயின் நாவலுக்கு ருஷ்ய மொழியில் இட்ட பெயர், கிறித்துவின் உயிர்த்தெழுதலைக் குறிக்கும் சொல். அம்மொழியில் ஞாயிற்றுக்கிழமையின் பெயரும் அதே சொல்லிலிருந்து பிறந்தது. கிருஷ்ணையா 'உயிர்த்தெழுதல்' என்று எழுதியிருக்கலாம். 'புத்துயிர்ப்பு' என்றே எழுதினார். தான் கெடுத்த பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் காணும் பிரபு ஒருவன் உள்ளம் மாறுவதே கதை. அந்த மாற்றத்தைப் புதிய சொல் நன்கு காட்டுகிறது. எனினும், விவிலிய வாசிப்போடு முடியும் நாவலின் சமயச் சாயல் தலைப்பில் சற்றே மங்குகிறது. ஒன்றைப் பெறும்போது மற்றொன்றை இழக்க நேரும். எதை இழக்கலாம் என்று தீர்மானிப்பதே மொழிபெயர்ப்பாளரின் அறிவு.

ருஷ்யரும் நம்மை நோக்கி நடந்து வந்தனர். 1908இல் தாரக்நாத் தாஸ் என்னும் இந்தியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் தல்ஸ்தோய் திருக்குறளை எடுத்தாண்டார். 1960இல் பியாத்திகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–ருஷ்ய அகராதி மாஸ்கோவில் வெளிவந்தது. 1963இல் கிளாசவும் கிருஷ்ணமூர்த்தியும் இணைந்து திருக்குறளை ருஷ்ய மொழியில் தந்தனர். அகராதி தொகுப்போர் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தமையால்தான் பின்வந்தோர் நூல்களைப் பெயர்க்க முடிந்தது.

இப்போது ஈஜோக்கிற்கு வருவோம். பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் தென்னமரம் தோட்டம் உள்ளது. மலாயாவில் வாணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்ட தோட்டம் அது. ஆண்டு 1917. பயிரிட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ தமிழ்ப்பெயர். அவர் மலாயா வாழ்வை வைத்துப் பிரெஞ்சு மொழியில் எழுதிய நாவல் 1930இல் கோன்கூர் பரிசு பெற்றது. மறு ஆண்டே ஆங்கிலத்தில் வந்தது. இயல்கள்தோறும் மலாய்ப் பந்துன்கள் முகப்பாக நிற்கின்றன. அந்நூலைத் தமிழில் நல்ல முறையில் தருவதற்குப் பிரெஞ்சு அறிவு மட்டும் போதுமா? மலாய்ப் பந்துனின் சுவையறிந்த செவி வேண்டும். விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டு, பால் சொட்டும் மங்கு, லயத்து வாழ்வு ஆகியவற்றை அறிந்த நாவும் வேண்டும். இம்மூன்றில் இரண்டு உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் உள்ளன.

ஆயினும் அச்செல்வம் நிலையாக இருக்குமென்று எண்ணிவிடலாகாது. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. தோட்டங்கள் சில வீட்டுமனைகளாயின. குடும்பங்கள் நகர்களுக்குப் பெயர்ந்தன. பால்மரம் வெட்டிய கைகளோடு அத்தொழிலின் சொற்களும் மறைகின்றன. பாட்டியார் நாவில் மட்டும் வாழும் சொல்லை நாளைய மொழிபெயர்ப்பாளர் எந்த அகராதியில் தேடுவார்?

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு இரு வேண்டுகோள்கள். பள்ளிதோறும் தோட்டச் சொற்களுக்கு ஒரு குறிப்பேடு தொடங்குங்கள்; சொல், பொருள், அச்சொல்லைக் கூறிய முதியவர் பேசிய ஒரு முழு வாக்கியம் ஆகியவற்றை மாணவர் எழுதட்டும். அடுத்து, மாதம் ஒரு பந்துனை மாணவரைக் கொண்டு தமிழாக்கச் செய்யுங்கள். நான்கே அடிகள்தாம், ஆயினும் எதைப் பெறுவது, எதை இழப்பது என்று கிருஷ்ணையா எதிர்கொண்ட அதே கேள்வியை அவர்களும் எதிர்கொள்வர்.

மாஸ்கோவிலிருந்து தமிழ் நூல்களைத் தந்தவர்களும் ஒருநாள் அயல்மொழியின் முதல் எழுத்தைக் கற்ற மாணவர்களே. உங்களுக்கோ மலாய் மொழி முன்பே வசமாகியுள்ளது. இன்றே தொடங்குங்கள்.