குழாயில் வராத காஸ்

திருகோணமலை உப்புவெளிக் குசினிகளுக்குக் காஸ் மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும்தான் வந்து சேர்கிறது. லண்டனில் இருக்கும் உறவுக்காரர் தொலைபேசியில், "எங்களுக்குக் குழாயிலதான் வருது" என்று சொன்னால் இங்கே பலரும் கேட்பது ஒன்றுதான்: அப்படி ஓர் இணைப்பு எடுக்க எவ்வளவு முடியும்?

பதிலைத் தேட ஒழுங்கைக்கு இறங்க வேண்டும். பிரித்தானியாவின் 1986ஆம் ஆண்டு எரிவாயுச் சட்டம், பிரதான குழாயிலிருந்து 23 மீற்றருக்குள் உள்ள வீட்டுக்கு இணைப்புக் கோரும் உரிமையைத் தருகிறது. குழாயும் மீற்றரும் ஒரு பங்கு என்றால், வீதியைத் தோண்டி மூடித் தார் போடுவது பெரும் பங்கு. தூரம் கூடக்கூடத் தொகையும் ஏறும்.

இந்தியாவில் வீட்டு இணைப்புக்கு வாங்கும் வைப்புப்பணத்துக்கு 2008ஆம் ஆண்டு விதிகள் 5,000 இந்திய ரூபாய் உச்சவரம்பு வைத்தன. விலகும்போது அது திரும்பிவிடும். தெரு முழுவதும் வாடிக்கையாளர் கிடைத்தால்தான் நிறுவனத்துக்கு அந்தக் கணக்குக் கட்டும்.

இலங்கைக்கு இயற்கை வாயு இன்னும் வரவில்லை. மன்னார் கடலில் 2011இல் கண்டுபிடித்தது கடலடியிலேயே இருக்கிறது. கொழும்பு மட்டும் ஒரு காலத்தில் நிலக்கரியை வாட்டி எடுத்த வாயுவில் தெருவிளக்கு எரித்தது. புறக்கோட்டையில் காஸ் வேர்க்ஸ் வீதி என்ற பெயர் அதற்குச் சாட்சி.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், நேயர்களே. குழாயில் வருவது பெரும்பாலும் மீதேன். காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே போய்விடும். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். காற்றைவிடக் கனமானவை, தரையில் படுத்து மூலைகளில் தேங்கும். அதனால்தான் கைதேர்ந்த வேலைக்காரர் அடுப்பைப் பூட்டுமுன் கதவின் அடி இடைவெளியைப் பார்ப்பார். பூட்டியபின் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவுவார். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தபோது சிலிண்டருக்குள் இருந்த கலவையின் விகிதமே பேசுபொருளானது. அடுப்புக் குழாய்க்கும் ரெகுலேட்டருக்கும் காசு பார்க்க வேண்டாம். உங்கள் குழாய் எப்போது வாங்கியது? அதில் பதித்திருக்கும் திகதியை இன்றைக்கே பாருங்கள்.

செலவின் மறுபக்கம் எல்லோர் நினைவிலும் இருக்கும். 2021 ஒக்டோபருக்கு முன் கொழும்பில் 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர், 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாய். திருகோணமலைக்கு ஏற்றுக்கூலி வேறு. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியில் கோத்து வரிசையில் வைத்துவிட்டு, வீட்டில் விறகு மூட்டிய நாட்கள் அவை.

இத்தனைக்கும் உப்புவெளியிலிருந்து சில கிலோமீற்றரில், சீனக்குடாவில், இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. திருகோணமலையை எரிசக்தி மையமாக்க 2025 ஏப்ரல் 5இல் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதின.

அந்தத் திட்டத்தில் இங்குள்ள குசினிகளுக்கும் ஒரு கோடு கீறப்பட வேண்டும். அதுவரை கொழும்பின் மாடிக் குடியிருப்புகள் செய்வதைச் செய்யலாம்: பெரிய சிலிண்டர்களை வெளியே ஒரு கூண்டில் வைத்து, வீட்டுக்கு வீடு குழாயும் மீற்றரும். பக்கத்து அலஸ்தோட்டத்தில் புதிதாக விடுதியோ மாடி வீடோ கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே அந்தக் குழாய்வழியை விட்டுவைப்பார்கள் என்று நம்புவோம். பின்னால் சுவர் உடைக்கும் செலவாவது மிஞ்சும்.