சொல்லியே ஆக வேண்டும்

ஒரு மாணவி ஆசிரியையிடம் போனை நீட்டுகிறாள். யாரோ ஒருவன் இரவெல்லாம் அசிங்கமாகச் செய்தி அனுப்புகிறான். "அந்த நம்பரை பிளாக் பண்ணிடும்மா" என்கிறார் ஆசிரியை. நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் சட்டத்துக்கு அது போதாது.

18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்காக 2012-இல் வந்தது போக்சோ சட்டம். பாலியல் நோக்கத்தோடு ஒரு பிள்ளையைப் போனிலோ இணையத்திலோ விடாமல் தொடர்புகொள்வதும் அதில் குற்றம். அது தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியர், தலைமையாசிரியர், தாளாளர், யாராக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. குற்றம் செய்தவர் பள்ளி ஊழியரே என்றால், அதை மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை.

"பள்ளிக்கூடத்துப் பெயர் கெட்டுவிடுமே" என்பார்கள். கசிகிற கேஸ் சிலிண்டரை அறைக்குள் வைத்துப் பூட்டினால் வீடு தப்புமா?

பள்ளியே துப்பறிய வேண்டாம். அது போலீஸ் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது என்றும் சட்டம் சொல்கிறது.

பெற்றோரே, அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். அவைதான் சாட்சி. குழந்தைகள் உதவி எண் 1098. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.