குடத்தில் இடம்பெறாத பெயர்



உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் கூறும், ஊர் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையில், ஊரின் பிரிவுகளாகிய முப்பது குடும்புகளிலிருந்தும் பெயரோலைகள் வந்து சேர, விவரமறியாத சிறுவன் ஒருவன் ஊரார் கண்முன்னே குடத்திலிருந்து ஓலையை எடுத்துக் கொடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து அதை உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படித்தான். கையில் வேறு ஓலை ஒளிந்திருக்கவில்லை என்பதை ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்த விரல்கள் விரிந்தன.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் 2008இல் வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலிலும் பெயர்ச்சீட்டுக் குலுக்கல் உண்டு. ஆனால் அங்கே 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயர்கள் கண்ணாடிக் கோளத்தில் இடப்படுகின்றன. சீட்டு விழுந்த பிள்ளை, ஒருவரையொருவர் கொன்று தீர்க்க வேண்டிய களத்துக்கு அனுப்பப்படுகிறது. தானியமும் எண்ணெயும் வேண்டும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை தன் பெயரைக் கூடுதலாக எழுதிப் போட வேண்டும் என்பதால், குலுக்கல் எல்லோருக்கும் பொது என்று சொல்லப்பட்டாலும் பசித்தவரின் பெயரே அதில் மிகுதி. இவ்வாறு, ஒழுங்கு என்ற பெயரில் கொடுமையே சட்டமாகிவிட்ட கற்பனைச் சமூகத்தைக் காட்டும் புனைவு 'டிஸ்டோபியா' எனப்படுகிறது. தாமஸ் மோர் 1516இல் படைத்த 'உட்டோப்பியா' என்னும் நல்லுலகக் கனவின் மறுபுறம் அது.

பதின்பருவத்தினரை இக்கதைகள் ஈர்ப்பது இருட்டின் மீதுள்ள ஆசையால் அன்று. பெயர் பின்னுக்குப் போய்த் தேர்வு எண்ணும் மதிப்பெண்ணும் முன்னுக்கு வரும் வயது அது. விதிகள் வானத்திலிருந்து விழுவதில்லை, யாரோ எழுதுகிறார்கள் என்பதை ஒரு மனம் முதன்முதலில் உணரும் வயதும் அதுவே. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் மக்களின் பெயர்கள் இரண்டெழுத்துக்குச் சுருங்கிவிடுகின்றன, குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். அந்த ஆட்சியை எதிர்க்கத் துணிபவர்களோ நிலா என்னும் சாதாரண இல்லத்தரசியும், விளையாட்டுப் பொருளாக வந்து சிந்திக்கக் கற்றுக்கொள்ளும் ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டியும். சிறியோர் என்று கருதப்பட்டவர்களே முதலில் உண்மையைக் கண்டுகொள்வது பதினைந்து வயது வாசகருக்கு எவ்வளவு பெரிய தெம்பு! காலின்ஸின் நாவலில் வரும் மூவிரல் வணக்கத்தை, 2014இல் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது இளைஞர்கள் தெருவில் உயர்த்தினார்கள் என்பதும் நினைக்கத்தக்கது.

அத்தகைய நாவலைப் படித்த மாணவி உத்திரமேரூர்க் கல்வெட்டின் முன் நின்றால், கணக்குக் காட்டாத வாரிய உறுப்பினரையும் அவர் உறவினரையும் விலக்கிவைத்த விதியைக் கண்டு பெருமிதம் கொள்வாள். அடுத்த கணமே, குடத்தில் யார் பெயர் இல்லை என்று கேட்பாள். அந்த ஊர்ச்சபை பிராமணர் சபை. கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப்பயிற்சியும் உடைய, 35 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களின் பெயர்களே ஓலையில் ஏறின. ஏரி வாரியம் காத்த நீரில் நாற்று நட்ட பெண்ணின் பெயரும், நிலமற்ற உழவனின் பெயரும் அங்கே இல்லை. அக்கேள்வியை ஊர்ப்பெருமைக்கு இழுக்கு என்று பெரியவர்கள் அடக்கிவிடக் கூடாது. விரித்த விரல்களின் அருமையை முழுதாக அறிந்தவள்தான் அதைக் கேட்கிறாள்.

அவள் பெயருக்கோ இன்று இடமுண்டு: 1989 முதல் இந்தியாவில் வாக்குரிமை வயது 18. பள்ளி நூலகத்தில் அத்தகைய நாவலைப் புரட்டும் பதினேழு வயதுப் பிள்ளை, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க இப்போதே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.