பள்ளிக்கூடம் கொடையல்ல, கடன்!

(போடிமெட்டில் ஏலத்தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருகிறோம். நம் கைகள் ஏலக்காய் பறிக்கின்றன. நம் பிள்ளைகள் எங்கே? சிலர் அடிவாரத்தில் பாட்டியிடம். சிலர் லயத்து வாசலில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு. இதைத்தான் இன்று பேச வந்தோம்.

கம்பெனிகள் இன்று கல்விக்கு உதவுகின்றன. பை, நோட்டு, கணினி தருகின்றன. வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நல்லதை நல்லதென்று சொல்லும் நேர்மை நமக்கு உண்டு. 1991இல் மூணாறில் டாட்டா தேயிலைக் கம்பெனி 'சிருஷ்டி'யைத் தொடங்கியது. தோட்டத் தொழிலாளரின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு அங்கே படிப்பும், காகிதம் செய்தல், சாயமிடுதல் போன்ற வேலைகளும் கிடைத்தன. அன்று எந்தச் சட்டமும் முதலாளியைக் கட்டாயப்படுத்தாத காரியம் அது. அதைக் கொடை என்று மனமாரச் சொல்வோம்.

ஆனால் சட்டம் விதித்த கடமைக்கும் கொடை என்று பெயர் சூட்டினால் ஒப்புக்கொள்ளலாமா? தொழிலாளரின் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், கல்வி வசதி செய்து தரும்படி முதலாளிக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மாநில அரசுக்குத் தந்தது. 2020ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு உண்டு. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அரசின் பொறுப்பு என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். பெரிய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். வேறு சட்டப்படி செய்தே தீரவேண்டிய வேலையை அந்தக் கணக்கில் எழுதக்கூடாது என்று 2021ஆம் ஆண்டு விதித் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே கடனைத் தீர்த்த பிறகு கொடுப்பதே கொடை.

இன்னொன்று. 2015 செப்டம்பரில் மூணாறு பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்று திரண்டார்கள். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆனதை எதிர்த்தார்கள். 232 ரூபாய்க் கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள், 301 கிடைத்தது. தாயின் கூலி உயராமல் பிள்ளையின் படிப்பு நிலைக்குமா? நோட்டு ஒரு வருஷம் வரும். கூலி தினமும் வரவேண்டும்.

எனவே நாம் கேட்பது இவை: சீசனுக்கு மலையேறும் குடும்பங்களின் பிள்ளைகளையும் கணக்கெடுக்க வேண்டும். இரண்டு மாநிலமும் அவர்களைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறபடி தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்கவேண்டும். உதவி செய்யும் கம்பெனி பெற்றோரைக் கலந்து செய்யவேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. சீசன் கூலிக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையை ஜீப்பில் ஏற்றாதீர்கள். நாமே ஏற்றிவிட்டு, யாரிடம் போய் நியாயம் கேட்பது?

கொடுப்பவர் கையைப் பார்த்து நின்றது நம் தலைமுறையோடு போகட்டும். நம் பிள்ளைகள் படித்து, கணக்குக் கேட்கட்டும்!