வரவேற்பு விருந்தும் வட்டிக் கணக்கும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்வி அமர்வில், அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நம் ஊர்த் தம்பதியர் வழங்கிய உரையின் எழுத்து வடிவம்)



மேற்படிப்பைப் பற்றி ஏதேனும் பேசுங்கள் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, பெரிய பொருள் எதையும் எடுத்துக்கொள்ளாமல், 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நாங்கள் கழித்த மூன்று நாட்களைப் பற்றி மட்டும் சொல்கிறோம் என்று ஒப்புக்கொண்டோம். அமெரிக்காவின் பெயர்பெற்ற வணிக மேலாண்மைப் பள்ளி ஒன்று, புதிதாக இடம் அளித்திருந்த மாணவர்களை அழைத்து நடத்திய வரவேற்பு வார இறுதி அது. எங்கள் இருவரில் எம்.பி.ஏ. படிப்புக்கு இடம் கிடைத்தது மனைவிக்கு, உடன்சென்றவர் கணவர். விண்ணப்பம் எழுதிய நாள்முதல் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்தமையால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். பள்ளியின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. எல்லாப் பள்ளிகளிலும் ஏறத்தாழ இதே முறைதான்.

"சேருவதற்கு முன்பே விருந்தா?" என்று அப்போது ஊரிலிருந்து தொலைபேசியில் வாப்பா கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டில் இடம் கிடைத்தால் மாணவர்தான் கல்லூரி வாசலில் வரிசையில் நிற்கிறார். அங்கு, இடம் கொடுத்தபின் பள்ளி மாணவரைத் தேடி வருகிறது. காரணம் எளிது. நல்ல மதிப்பெண்ணும் வேலை அனுபவமும் உடையவர் நான்கைந்து பள்ளிகளுக்கு விண்ணப்பித்து, இரண்டு மூன்றில் இடம் பெற்றிருப்பார். இடம் அளிக்கப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள் என்பது பள்ளியின் மதிப்புக்கு ஓர் அளவுகோல். ஆகவே, முன்பணம் கட்டுவதற்கான கடைசி நாளுக்குச் சற்று முன்பாக இந்த விருந்து வைக்கப்படுகிறது. செப்டம்பரில் விண்ணப்பித்தவர்களுக்கு டிசம்பரில் முடிவு தெரியும்; அவர்களுக்குப் பெரும்பாலும் பிப்ரவரியில் அழைப்பு. ஜனவரியில் விண்ணப்பித்த எங்களைப் போன்றோருக்கு மார்ச் கடைசியில் முடிவு, ஏப்ரலில் அழைப்பு, அதையடுத்துச் சில நாட்களில் முன்பணத் தவணை. முன்பணம் கட்டியபின் மனம் மாறினால் அத்தொகை திரும்ப வராது.

அப்போது நாங்கள் நியூஜெர்சி மாநிலத்தில் இருந்தோம். பள்ளி இருந்த நகரம் இரயிலில் நான்கு மணி நேரத் தொலைவு. மூன்று வயது மகளை லாத்தா வீட்டில் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை அதிகாலையில் புறப்பட்டோம். உண்மையைச் சொன்னால், முடிவை எடுத்துவிட்டுத்தான் புறப்பட்டோம். எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் உள்ள வேறொரு பள்ளியிலும் இடம் கிடைத்திருந்தது. கல்விக் கட்டணத்தில் பாதியை உதவித்தொகையாகத் தருவதாகவும் அது எழுதியிருந்தது. ஆனால் பெரிய பள்ளியின் பெயர் எங்கள் கண்ணை மறைத்திருந்தது. உறவினர் எல்லோருக்கும் அந்தப் பெயரையே சொல்லியிருந்தோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பதிவு மேசையில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பெயரட்டைகளைத் தந்தார்கள். ஓர் அட்டையில் பெயரும் சொந்த ஊரும் முன்னாள் வேலையும் இருந்தன. மற்றோர் அட்டையில் பெயருக்குக் கீழே 'துணைவர்' என்று மட்டும் இருந்தது. நம் ஊரில் பெண்கள் எத்தனை அழைப்பிதழ்களில் பெயரே இல்லாமல் 'குடும்பத்தினர்' ஆகியிருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவர் சொல்ல, மற்றவர் பதில் பேசவில்லை. அன்று நண்பகல் நிகழ்ச்சியும் ஜும்ஆவும் ஒரே நேரத்தில் வந்தன. பல்கலைக்கழகத்தில் தொழுகைக்கென ஒதுக்கியிருந்த கூடத்தை விசாரித்துத் துணைவர் அங்கு சென்றார். அந்த வார இறுதியில் கிடைத்த பயனுள்ள அறிமுகங்களுள் பாதி அக்கூடத்தின் செருப்பு அடுக்கருகே கிடைத்தவை.

மாலை விருந்துகளைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவார்கள். மது பரிமாறப்பட்டது உண்மை. பழச்சாறு கேட்டுப் பெற்றுக்கொண்டோம். ஒன்பது மணிக்கு விடைபெற்றோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதைக் குறித்து இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலை நடந்த மாதிரி வகுப்பைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை. அரைவட்டமாகப் படிப்படியாக உயரும் இருக்கைகள். ஒவ்வொருவர் முன்பும் பெயர்ப்பலகை. இப்பள்ளிகளில் பலவற்றில் பாடநூல் விரிவுரை குறைவு. உண்மையான ஒரு நிறுவனத்தின் சிக்கலைப் பத்துப் பதினைந்து பக்கங்களில் எழுதித் தந்து, 'நீங்கள் அந்த முதலாளியானால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்பார்கள். 1908-இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு வணிகப் பள்ளியில், சட்டப் படிப்பின் முறையைப் பின்பற்றி 1920-களில் வேரூன்றிய வழக்கம் இது. கை உயர்த்தாதவரையும் பேராசிரியர் திடீரெனப் பெயர் சொல்லி அழைப்பார். பலருக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்.

அன்றைய பாடம் ஒரு மரக்கடைக்காரரைப் பற்றியது. விற்பனை ஆண்டுதோறும் ஏறுகிறது, இலாபமும் உண்டு, ஆனால் கையில் பணம் இல்லை. வங்கியிடம் மேலும் பெரிய கடன் கேட்டு நிற்கிறார். ஏன்? பேராசிரியரின் பார்வை சுற்றிவந்து எங்கள் பெயர்ப்பலகையில் நின்றது. பின்வரிசையில் பார்வையாளராக அமர்ந்திருந்த துணைவருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அழைக்கப்பட்டவர் பிறந்து வளர்ந்தது மரவாடிக்குப் பின்புறம் இருந்த வீட்டில் என்பது பேராசிரியருக்குத் தெரியாது. "இலாபம் கல்லாவில் இல்லை ஐயா, அடுக்கி வைத்த பலகையிலும், கடன் வாங்கிப்போனவர்களின் பேரேட்டுப் பக்கங்களிலும் இருக்கிறது. வியாபாரம் வளர வளர இரண்டும் வளரும், பணம் அவற்றுக்குள்ளேயே போய்விடும்" என்று பதில் வந்தது. அத்துடன் நிற்கவில்லை. சரக்கு அனுப்புபவர் பத்து நாளில் பணம் கட்டினால் நூற்றுக்கு இரண்டு தள்ளுபடி தருகிறார். முப்பது நாளில் கட்டினால் முழுத்தொகை. கடைக்காரர் தள்ளுபடியை விட்டுவிடுகிறார். இருபது நாள் தாமதத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காட்டுக்கும் மேல். "அவர் வங்கி வட்டியைக் கண்டு அஞ்சுகிறார், அதைவிடப் பெரிய வட்டியை, வட்டி என்று பெயர் இல்லாததால், கட்டிக்கொண்டிருக்கிறார்."

பேராசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதினார். இந்த இடத்தில் உட்காரத் தகுதி உண்டா என்று ஓராண்டாக எங்களை வாட்டிய ஐயம் அந்த இருபது நிமிடங்களில் தீர்ந்தது. அதற்காக அப்பள்ளிக்கு இன்றும் நன்றி பாராட்டுகிறோம்.

பிற்பகலில் நிதி உதவி பற்றிய அமர்வு. காலையில் நிரம்பி வழிந்த கூட்டத்தில் கால்வாசிகூட அங்கு வரவில்லை. அப்பள்ளியில் கட்டணமும் வாழ்க்கைச் செலவுமாக இரண்டாண்டுக்கு இரண்டு இலட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைய மதிப்பில் ஒரு கோடியே முப்பது இலட்சம் ரூபாய். (பெரிய பள்ளிகள் சிலவற்றில் இப்போது கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல்.) எங்கள் சேமிப்பு அறுபதாயிரம். மீதி ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு, பிணையாளர் இல்லாமலே கடன் ஏற்பாடு செய்து தருவதாக அலுவலர் புன்னகையுடன் சொன்னார். ஆண்டுக்கு 7 விழுக்காடு என்று வைத்து, கையேட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டோம். பத்தாண்டுத் தவணையில் மாதம் 1,625 டாலர். வட்டி மட்டும் ஏறத்தாழ 55,000 டாலர். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. காலையில் மரக்கடைக்காரருக்கு அறிவுரை சொன்னவர்கள் நாங்கள்!

வட்டி நமக்கு விலக்கப்பட்டது என்பதை இந்த அவையில் விளக்கத் தேவையில்லை. ஆயினும் உண்மை என்னவெனில், அதுவரை அந்தக் கணக்கை நாங்கள் காகிதத்தில் எழுதிப் பார்க்கவே இல்லை. 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளியிருந்தோம். எழுந்து நின்று, வட்டியில்லாத வழி ஏதும் உண்டா, உதவித்தொகையை மறுபரிசீலனை செய்வீர்களா என்று கேட்டோம். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இப்பள்ளி வருமானத்தைக் கொண்டே உதவித்தொகை தருகிறது, துணைவரின் சம்பளமும் அதில் சேரும், ஆயினும் கடிதம் எழுதலாம் என்றார் அலுவலர். அமர்வு முடிந்ததும் மூன்று பேர் எங்களிடம் வந்து, தாங்களும் அதையே கேட்க நினைத்துக் கூசியதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்கர், முஸ்லிமும் அல்லர்.

அதே நேரத்தில் அடுத்த அறையில் துணைவர்களுக்கான கூட்டம் தொடங்கியிருந்தது. நாற்பது பேரில் ஆண்கள் நால்வர். மேடையில் பேசியவர்கள் குடும்ப உலா, குழந்தைகள் சங்கம் என்று இனிமையாகச் சொன்னார்கள். எஃப்-2 விசாவில் துணைவராக வருவோர் வேலை செய்ய இயலாது என்பது ஒரு கேள்விக்குப் பதிலாக மட்டுமே வெளிவந்தது. எங்கள் துணைவருக்குத் தனி விசாவும் வேலையும் இருந்தன; ஆனால் வேலை நியூஜெர்சியில். கூட்டம் முடிந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் மனைவி மெல்லச் சொன்னார்: "முதல் ஆறு மாதம் இரவுச் சாப்பாட்டுக்கு அவரை எதிர்பார்க்காதீர்கள். ஒரே ஊரில் இருந்தும் எங்களுக்கு அப்படித்தான். நீங்கள் நான்கு மணி நேரம் தள்ளி இருக்கப்போகிறீர்கள், குழந்தை யாரிடம்?" மேடையில் இரண்டு நாட்களாக எவரும் கேட்காத கேள்வி அது.

ஞாயிறு மாலை இரயிலில் ஊர் திரும்பும்போது, கையேட்டின் பின்னட்டையில் இரண்டு பத்திகள் எழுதினோம். பெரிய பள்ளியின் பக்கம் பெயரும், பழைய மாணவர் தொடர்பும், அந்த மாதிரி வகுப்பும். மறுபக்கம் பாதிக் கட்டணமும், மகள் உறங்கும் வீடும். நியூயார்க் வருமுன் பேச்சு இருமுறை கசப்பாகி நின்றது. 'இவ்வளவு தூரம் வந்தபின் பெண்ணை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு உடன்சென்றவரிடம் விடை இல்லை. விட்டுக்கொடுப்பது அவர் முறை என்றால் வேலையை விட வேண்டும். விட்டால் எங்கள் இருவரின் விசாவும் அன்றே சிக்கலாகும். அந்த முடிச்சை நாங்கள் அவிழ்க்கவில்லை. கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தோம். எட்டாம் நாள், முன்பணத் தவணைக்கு இரண்டு நாள் முன்பு, ஐந்து வரியில் பண்பாக மறுத்துப் பதில் வந்தது.

மறுநாள் அருகிலிருந்த பள்ளிக்கு முன்பணம் கட்டினோம். அவர்களது வரவேற்பு நாளுக்குச் சென்றபோது முதலில் நிதி அலுவலகத்துக்கும், அடுத்து குழந்தை காப்பகத்துக்கும், கடைசியாக வகுப்பறைக்கும் போனோம். சேமிப்புக்கு மேல் தேவைப்பட்ட இருபதாயிரம் டாலரைப் பெரிய காக்காவும் மாமாவும் கர்ழ் ஹஸனாவாகத் தந்தார்கள், மூன்றாண்டில் திருப்பினோம். 2019-இல் படிப்பு முடிந்தது. பெரிய பள்ளியின் பெயரைச் செய்தித்தாளில் காணும்போது எங்களில் ஒருவர் இன்றும் பக்கத்தை மெதுவாகத்தான் புரட்டுகிறார்.

இங்குள்ள மாணவச் செல்வங்களுக்கு நடைமுறையில் சில சொற்கள். ஊரிலிருந்து இதற்கென அமெரிக்கா போவது செலவும் விசாத் தொல்லையும் மிக்கது. போகாவிட்டால் கிடைத்த இடத்துக்குக் குறை எதுவும் வராது. 2020-இல் கொரோனா காலத்தில் இவ்விருந்துகள் இணையவழிக்கு மாறின. அதன்பின் வரமுடியாதோருக்கு இணைய அமர்வுகளைப் பல பள்ளிகள் நடத்துகின்றன. மும்பை, டெல்லி, பெங்களூர் போன்ற நகரங்களிலும் சந்திப்புகள் உண்டு. மற்றொன்று: அங்கு வேலை கிடைக்கும், கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கு முன்னைப்போல் உறுதியானதன்று. வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படுவோருக்கான எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் என 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஆணையிட்டார். படித்து முடித்து அங்கேயே இருப்பவர்களின் நிலை வேறு என்றாலும், விதிகள் ஓரிரவில் மாறக்கூடியவை என்பதைப் பெற்றோர் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் நினைவில் கொள்ள வேண்டும்.

நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். இடம் கிடைத்தபின் உதவி கேட்டு வருவோருக்கு நம் பைத்துல் மால் இயன்றதைச் செய்கிறது. ஆனால் பலர் அதற்கு முன்பே, தேர்வுக் கட்டணத்திலும் விண்ணப்பக் கட்டணத்திலும் நின்றுவிடுகிறார்கள். ஒரு பள்ளிக்கு விண்ணப்பிக்கவே 200, 250 டாலர் ஆகிறது. இரண்டாவது பள்ளிக்கும் விண்ணப்பிக்க எங்களிடம் பணம் இருந்ததால்தான் ஏப்ரலில் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு இரண்டு இடங்கள் இருந்தன. அந்தச் சிறு தொகையைத் திருப்பித் தரும் கடனாகக் கொடுக்க வழியுண்டா என்று குழு ஆலோசிக்க வேண்டும். தொடக்கமாக இருவருக்கான தொகையை நாங்கள் இன்று பொருளாளரிடம் ஒப்படைத்துள்ளோம்.

அந்தக் கையேடு, பின்னட்டைக் கணக்குடன், மேசையில் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் இஷாவுக்குப் பின் வாருங்கள். பெண்பிள்ளைகளின் கேள்விகளுக்கு மேல்மாடியில் பதில் சொல்ல ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.