ஊட்டிக்குச் சிக்கனமாக ஒரு பயணம்

ஊட்டி போக ஆசையா? முடிந்தால் ஏப்ரல், மே வேண்டாம். அறை வாடகை எகிறும் காலம் அது. சென்னையில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் மேட்டுப்பாளையம். அங்கிருந்து அரசுப் பேருந்து பிடித்துவிடலாம்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லையா? வருத்தமே வேண்டாம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே அதே ரயில் தினமும் பல தடவை ஓடுகிறது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என நின்று நின்று போகும். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் தோட்டங்கள் படிப்படியாக இறங்கும் அழகை ஜன்னலோரமாகப் பார்த்துக்கொண்டே போகலாம். இதற்கு வாடகைக் கார் எதற்கு?

ஸ்வெட்டரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் அவசியம்; தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, மீறினால் அபராதம்.